வாடைக்கும் சோளகத்துக்கும் நடுவே: எமது மண்ணின் பருவக் கணக்கு



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசியுங்கள்.

போன தவணையில் பத்தாம் தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மடுவிலிருந்து அரிப்புக்குப் போனோம். கடற்கரை மேட்டில் சிதைந்து நிற்கும் அந்தப் பெரிய செங்கல் கட்டடத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். சனங்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த மாளிகை. பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியும் எத்தனை சோளகத்துக்குத் தாங்குமோ தெரியாது.

பிள்ளைகள் படம் எடுத்து முடிந்த பிறகு ஒரு பையன் கேட்டான்: "சேர், ஆளுநர் கொழும்பில இருக்கிறவர்தானே. இந்தப் பொட்டல் வெளியில எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? வருசம் முழுக்க இங்கயா இருந்தவர்?"

இல்லை. வருடத்தில் சில கிழமைகள்தான். முத்துக்குளிப்பு நடக்கும் அந்தச் சில கிழமைகளுக்காகவே இந்த மாளிகை. அது நடக்காத வருடங்களில் கதவு திறக்க வேண்டிய தேவையே இல்லை.

பையனுக்கு அந்தப் பதில் திருப்தி தரவில்லை. "சில கிழமைக்கு இவ்வளவா?" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி வயதானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காக ஒரு தடவை. ஐப்பசி பிறந்தால் வடகீழ் பருவப்பெயர்ச்சி மழையோடு வரும். மார்கழிக்குள் வருடத்து மழையில் பெரும்பங்கு பெய்து முடிந்துவிடும். பிறகு வாடைக்காற்று தை, மாசி வரை இழுக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பும், மேற்கிலிருந்து நேரே அடித்தால் அது கச்சான். புரட்டாதி வரைக்கும் புழுதியும் அலையும்தான். இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே, மாசிக் கடைசி தொடங்கிச் சித்திரை நடுப்பகுதி மட்டும், மன்னார்க் குடாக் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடக்கும். மேலே காற்றில்லை, கீழே கலங்கல் இல்லை. முத்துக்குளிப்புக்கு இயற்கை விட்டுக்கொடுத்த இடைவெளி அவ்வளவுதான். அதற்குள் முடித்தால் உண்டு. முடிக்காவிட்டால் அடுத்த வருடம் சிப்பி அங்கே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. இன்றைக்கு இந்தப் பெயர்களைக் கேட்டால் மீன் வாடியும் மாட்டுப் பட்டியும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். முத்துக்குளிப்புக்குச் சிலாபம் என்று இன்னொரு பெயர் உண்டு. சிலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று என்பார்கள். குளிப்பு அறிவித்த வருடத்தில் இந்த மணல்வெளியில் சில நாட்களுக்குள் ஒரு பட்டணம் எழும்பும். ஓலைக் கொட்டில்கள், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், சிறைச்சாலை, எல்லாமே. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணத்துக் குளியாட்கள் ஒரு பக்கம், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அறபுக் குளியாட்கள் ஒரு பக்கம், முத்து வாங்க வந்த செட்டிமாரும் மரக்காயர்மாரும் பம்பாய் வியாபாரிகளும் இன்னொரு பக்கம். சித்திரை கழிய அத்தனையும் பிரிக்கப்பட்டு மணல் மட்டும் மிஞ்சும்.

நோர்த் காலத்தில் இங்கே இருந்த பேர்சிவல், கோடினர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தங்கள் புத்தகங்களில் ஒருநாள் வேலையை விவரமாக எழுதியிருக்கிறார்கள். நடுச்சாமத்தில் பீரங்கி வெடி ஒன்று கேட்கும். வள்ளங்கள் பாய் விரிக்கும். ஏன் நடுச்சாமம்? இரவில் தரைக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அந்தக் காற்றில் விடியமுன் பாரை அடைந்துவிடலாம். பொழுது விடிய மூழ்கத் தொடங்குவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவது, கூடையில் கைக்கு அகப்பட்டதை அள்ளுவது, கயிற்றை ஆட்டினால் மேலே நிற்பவர் தூக்குவது. ஒரு மூச்சு ஒரு நிமிடம் அளவில். மதியமானால் கடற்காற்று திரும்பும். அதே பாயில் அந்தக் காற்று அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப போகக்கயும் ஓசிக் காற்று, வரக்கயும் ஓசிக் காற்று" என்றாள். ஓசிதான். ஆனால் அந்த ஓசி கிடைப்பதற்கு நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும். விடிந்த பிறகு போகலாம் என்று படுத்தவனுக்குக் காற்று எதிர்முகம்.

சுறாவுக்குப் பயந்து மூழ்க மறுப்பவர்களுக்காகக் கடல்கட்டி என்று ஒருவரை அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். அவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். வெள்ளைக்கார அதிகாரிகள் உள்ளுக்குள் சிரித்தாலும் கூலியை நிறுத்தத் துணியவில்லை, ஏனென்றால் அவர் இல்லாமல் வள்ளம் புறப்படாது. மார்க்க ரீதியாக எங்களுக்கு உடன்பாடில்லாத விடயம், என்றாலும் வரலாறு வரலாறுதான்.

கரைக்கு வந்த சிப்பியை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொட்டு என்ற பெரிய அடைப்புக்குள் கொண்டுபோய்க் குளியாட்கள் தாங்களே மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். அதில் இரண்டை அதிகாரி காட்டுவார், அவை அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒன்று குளியாட்களுக்கு. எந்த இரண்டை அவர் காட்டுவார் என்பது முன்கூட்டித் தெரியாது, ஆகவே மூன்றையும் சமமாகப் பிரிப்பதுதான் குளியாளுக்கு இலாபம். 1906 இல் மறிச்சுக்கட்டியில் இந்தக் கொட்டுக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரிதான் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வூல்ப். ஆயிரக்கணக்கான சனம் கூடிய அந்த இடத்தை ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய அதிகாரிகள்தான் நடத்தினார்கள் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் வியந்து எழுதுகிறார்.

இதில் எங்களைப் பிடித்து நிறுத்திய விடயம் வேறு. அந்த அறபுக் குளியாட்கள் ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள்? அவர்களுடைய சொந்தக் கடலில் முத்து இல்லையா? இருந்தது, எங்களிடம் இருந்ததை விட அதிகமாகவே. ஆனால் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கோடையில்தான், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை. மாசியிலும் பங்குனியிலும் அங்கே தண்ணீர் குளிர். அதே நேரம் மன்னாரில் கடல் திறந்திருக்கிறது. ஆக, அவர்கள் தங்கள் வெறும் காலத்தை எடுத்து எங்கள் பருவத்தோடு பொருத்தினார்கள். இங்கே சித்திரையில் முடிந்ததும் ஊர் திரும்பி அங்கே இறங்குவார்கள். ஒரே மூச்சை வைத்து இரண்டு கடலில் உழைத்த மனிதர்கள்.

குறைஷியர்களின் மாரிகாலப் பயணம், கோடைகாலப் பயணம் பற்றிக் குர்ஆன் பேசுவது எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மக்காவில் விவசாயம் இல்லை. குளிர்காலத்தில் தெற்கே யெமனுக்கும் கோடையில் வடக்கே ஷாமுக்கும் வணிகக் கூட்டம் அனுப்பித்தான் அந்த ஊர் பிழைத்தது. அந்த ஸூராவை ஓதும் பிள்ளைகள் எத்தனை பேர் இதை எங்கள் கடலோடு சேர்த்து யோசித்திருப்பார்கள்? ஆங்கிலத்தில் மொன்சூன் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே மவ்ஸிம் என்ற அறபுச் சொல்லிலிருந்து போனது. மவ்ஸிம் என்றால் குறித்த காலம், பருவம். மாந்தைத் துறைக்கு மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கப்பல்கள் வந்து சேர்ந்த காலத்தில் அந்தக் குறித்த காலத்தைத் தவறவிட்டவன் அடுத்த காற்று வரை துறையிலேயே காத்துக் கிடக்கவேண்டும். 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் அகழ்ந்தபோது இஸ்லாமிய உலகத்து ஓடுகளும் சீனத்து ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன.

இப்னு பதூதாவையும் மறக்கக்கூடாது. 1344 இல் அவர் மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் புறப்பட்டவர். காற்று திசைமாறிப் புத்தளத்துக்குக் கொண்டுவந்து விட்டது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அரசர், குளித்தெடுத்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவரை வரவேற்றார். என்ன வேண்டும் என்று கேட்டார். முத்தைக் கேட்டிருக்கலாம். ஆதம் நபியின் பாதம் பதிந்ததாகச் சொல்லப்படும் மலைக்குப் போய்வர வழி செய்துதாருங்கள், அதுதான் என் ஆசை என்றார் அவர். பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அரசர் அனுப்பிவைத்தார். காற்று அவரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஆனால் இறங்கிய இடத்தில் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மீண்டும் முத்துக்கு வருவோம், ஏனென்றால் அந்தக் கதைக்கு ஒரு கசப்பான முடிவு உண்டு. எந்த வருடம் குளிப்பது, எந்த வருடம் விடுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். காற்று மாறும் மாதங்களில் பாரைப் போய்ப் பார்ப்பார்கள். மாதிரிச் சிப்பி எடுத்து உடைத்து முத்தை மதிப்பிடுவார்கள். சிப்பிக்கு நான்கு, ஐந்து வயது ஆகவேண்டும். முந்தினால் முத்து பொடியாக இருக்கும், பிந்தினால் சிப்பி செத்துவிடும், அல்லது சோளகத்து அலை பாரையே வாரிக்கொண்டு போய்விடும். 1891 க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் குளிப்பே இல்லை. 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி வந்து பார்களை ஆராய்ந்தார். 1903 இல் குளிப்பு தொடங்கியது. 1905 இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். குளியாட்கள் கிட்டத்தட்ட 5,000 பேர். அரசாங்கத்துக்கு வந்தது சுமார் 25 இலட்சம் ரூபாய், அந்தக் காலத்து ரூபாய்.

கைக்குக் காசு வந்ததும் கணக்கு மாறியது. 1906 இல் முத்துப் பார்களை வருடத்துக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபது வருடக் குத்தகையாக ஒரு இலண்டன் கம்பனிக்குக் கொடுத்தார்கள். குத்தகைக் காசு கட்டவேண்டிய கம்பனி எந்த வருடமும் சும்மா இருக்க முடியாது அல்லவா? 1907 இல் குளிப்பு நடந்தது, சிப்பி முன்னைய இரண்டு வருடங்களை விட மிகக் குறைவு. அதன்பின் பார்கள் வெறுமை. 1912 இல் கம்பனி கலைக்கப்பட்டது. 1925 இல் ஒருமுறை குளித்தார்கள். பிறகு அந்தப் பட்டணம் எழும்பவே இல்லை. கடலின் மாற்றமா, மிகையான குளிப்பா காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எங்கள் அபிப்பிராயம், ஐந்து வருடம் தொடர்ச்சியாக இறங்கியதை எந்தப் பாரும் தாங்காது. "இந்த வருடம் விடுவோம்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் பிழை.

அந்த வார்த்தையைச் சொல்லும் ஆட்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னொரு இடத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கட்டுக்கரைக் குளத்தடியில்.

கட்டுக்கரையை வெள்ளைக்காரர் இராட்சதக் குளம் என்றார்கள். கட்டியது ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேனன் என்பாரும் உண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகு என்பாரும் உண்டு. அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இந்தக் குளத்தைப் பற்றி ஒரு சுவையான கதை இருக்கிறது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் 1859 இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், பழைய அரசன் மட்டம் பார்க்கத் தெரியாமல் கட்டிவிட்டான், வாய்க்காலில் விட்ட தண்ணீர் ஆற்றுக்கே திரும்பி ஓடுகிறது, அவ்வளவு உழைப்பும் வீண் என்று எழுதினார். பின்னாளில் பொறியியலாளர்கள் கருவி வைத்து அளந்து பார்த்தபோது பழையவர்களின் மட்டம் சரியாகவே இருந்தது, தெனன்ட் சொன்னதுதான் பிழை. அந்தப் பழைய வழியைப் பின்பற்றித்தான் 19 ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களில் குளத்தைத் திருத்தினார்கள். பாட்டன் பூட்டனுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்ப்புச் சொல்ல முன்னர் அளந்து பார்ப்பது நல்லது. கணித பாட ஆசிரியருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

குளத்தை விடவும் குளத்தடிக் கூட்டம்தான் எங்களுக்குப் பெரிய அதிசயம். 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தை ஆளுநர் ஹென்றி வார்ட் கொண்டுவந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வயற்காரர் கூடி, பெரும்பான்மையாகத் தீர்மானித்து, பழைய நீர் வழக்கங்களை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. மாவட்டச் செயலாளர் அல்லது அவருடைய பிரதிநிதி, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருப்பார்கள். துருசு திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் திகதி, கடைசித் தண்ணீர் விடும் திகதி என்று எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

காலபோகத்தில் பெரிய சிக்கல் இல்லை. மழை இருக்கிறது, குளம் வான் பாய்கிறது, எல்லாரும் விதைக்கலாம். சிறுபோகத்தில்தான் மனிதனின் குணம் தெரியும். பங்குனியில் குளத்தில் இருக்கும் தண்ணீரை அளந்து, இத்தனை ஏக்கருக்குத்தான் போதும் என்று பொறியியலாளர் சொல்வார். முழு வயலையும் விதைத்தால் ஒருவருக்கும் மிஞ்சாது. ஆகவே ஒரு பகுதி வயலை மட்டும் தெரிவுசெய்து, மற்றப் பக்கத்தில் காணி உள்ளவர்களுக்கும் அதற்குள்ளேயே பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். சிங்களக் கிராமங்களில் பெத்ம என்று சொல்வதும் இந்த மாதிரி ஒரு வழக்கத்தைத்தான். அதாவது வரம்பைத் தற்காலிகமாக மறந்துவிட்டு என் வயலில் நீ விதைக்க நான் சம்மதிக்கிறேன். காணி வழக்கு என்றால் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் எங்கள் சனம், சிறுபோகத்துக்காக இதைச் செய்கிறது.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு சம்பவம். மிக நெருங்கிய உறவினர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு சிறுபோகத்தில் கூட்டம் ஒதுக்கிய பங்குக்கு வெளியே இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து விதைத்தார். மகளின் கலியாணம் அடுத்த வருடம் வருகிறது, ஒரே போகத்தில் காசு சேர்த்துவிடலாம் என்ற எண்ணம். நோக்கம் நல்லதுதான். குதிர் பருவத்தில் கடைசித் தண்ணீருக்கான திகதி வந்தது. துருசைப் பூட்டினார்கள். அவர் போய் அழுதார், எல்லாரும் இரங்கினார்கள், ஒருவரும் திறக்கவில்லை. அந்த இரண்டு ஏக்கரும் பதராகப் போனது. பங்குக்குள் இருந்த அவருடைய ஒரு ஏக்கர் விளைந்தது. மகளின் கலியாணம் ஒரு வருடம் பிந்தி, அந்த ஒரு ஏக்கரை நம்பித்தான் நடந்தது. இப்போது அவர்தான் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து, "தண்ணியக் கேட்டு விதையுங்கோ, ஆசையக் கேட்டு விதையாதைங்கோ" என்று சத்தம் போடுகிறவர்.

கடலிலும் இதே கணக்குதான். மன்னார் தீவில் வடகடல், தென்கடல் என்று இரண்டு வாசல். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்பக்கத்தில் தொழில். சோளகம் எழும்பினால் தென்கடல் மூடும், வடபக்கம் திறக்கும். பேசாலை, தலைமன்னார் ஆட்களுக்கு இது மூச்சு விடுவது போல. சிலாபம், நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வந்து எங்கள் கரையில் வாடி போடுகிறவர்களும் அதே காற்றைத்தான் வாசிக்கிறார்கள்.

முஸ்லிம்களான எங்களுக்கு இன்னுமொரு கலண்டர் இருக்கிறது. விதைப்பதற்குத் தமிழ் மாதம், வணங்குவதற்குப் பிறை மாதம். பிறை வருடம் சூரிய வருடத்தை விட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் நோன்பு எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வர 33 வருடம் எடுக்கும். சோளகப் புழுதியிலும் நோன்பு வரும், அடைமழையிலும் வரும். 2030 இல் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவையும் நோன்பு தொடங்கும். பருவம் எதுவானாலும் நிய்யத் மாறாது. ஆனால் வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாக யோசிக்கவேண்டும். எங்கள் வாப்பாமார் நோன்பு அறுவடைக்குள் வரும் வருடங்களில் இரவில் சூடு மிதித்தார்கள்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கஷ்டமான பகுதி.

1990 ஒக்டோபர் கடைசிக் கிழமை. ஐப்பசி. மழை தொடங்கிவிட்டது. காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, சிலர் விதைத்து முடித்திருந்தார்கள். அந்தக் கிழமையில்தான் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார் மாவட்டத்தில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், புதுக்குடியிருப்பு, விடத்தல்தீவு, முசலிக் கிராமங்கள். தீவுப் பக்கத்தவர்கள் மழைக்குள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். நகையையும் வீட்டையும் விட்டுவந்ததைப் பற்றிப் பேசாத பெரியவர்கள்கூட, "விதைச்ச நெல்ல விட்டுட்டு வந்தம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதை நாங்கள் புத்தளத்து முகாம்களில் கேட்டு வளர்ந்தோம்.

அந்த நெல் முளைத்த பூமியில் பிறகு எங்கள் தமிழ் அயலவர்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் மடு மாதா கோயில் வளவில் தஞ்சம் இருந்தார்கள். 1999 நவம்பரில் அந்த வளவுக்குள்ளேயே செல் விழுந்தது. 2008 இல் மாதாவின் சொரூபத்தையே தூக்கிக்கொண்டு இடம்பெயர வேண்டி வந்தது. ஆடி 2 ஆம் திகதித் திருவிழாவுக்குக் காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துக் குடும்பம் குடும்பமாகத் தங்குவது இந்த மண்ணின் வருடாந்த வழக்கம். அதே மரங்களின் கீழ் அகதியாகத் தங்கவும் நேர்ந்தது.

புத்தளத்தில் நாங்கள் வேறு பருவங்களைக் கற்றுக்கொண்டோம். உப்பளத்தில் உப்பு விளையும் மாதம், கற்பிட்டியில் வெங்காயம் நடும் மாதம், கூலி கிடைக்காத மாதம். இருபது வருடம். 2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு முசலியில் வயல் எது, வரம்பு எது என்று தெரியவில்லை, வீட்டு அத்திவாரத்துக்குள் மரம் நின்றது. காட்டை வெட்டியதை விடவும் கஷ்டமாக இருந்தது கலண்டரை மீட்பது. எப்போது புழுதி விதைப்பு, எந்த மழைக்குப் பிறகு சேற்று விதைப்பு, எந்தக் காற்றுக்கு எந்த வலை என்பதெல்லாம் ஒருவரோடொருவர் வேலை செய்துதான் கைமாறும். ஒரு தலைமுறை அந்த வேலையைச் செய்யவே இல்லை. திரும்பி வந்த முதல் காலபோகங்களில் முஸ்லிம் கமக்காரர்கள் பலர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து ஐயாமாரிடம் கேட்டுத்தான் விதைத்தார்கள். அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள். இதை நன்றியோடு பதிவுசெய்கிறோம்.

இப்போது எங்களுக்குள் இருக்கிற பிரச்சினைக்கு வருகிறோம். சிலருக்குக் கோபம் வரலாம்.

எங்கள் குடும்பங்களில் நிறையப் பேருக்கு இரண்டு வீடு. புத்தளத்தில் ஒன்று, இங்கே ஒன்று. மழையோடு இங்கே வருகிறோம், அறுவடை முடிய அங்கே போகிறோம். போக்குவரத்தில் பிழை இல்லை. அறபுக் குளியாளும் வந்து போனான், பேசாலையான் வடகடலும் தென்கடலும் போகிறான். ஆனால் அவர்களுக்கு எதற்காகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியும். எங்களில் பலர் காற்று தள்ளிய பக்கம் போகிறோம். பிள்ளைகளின் பாடசாலையை வருடத்தில் இரண்டு தடவை மாற்றுகிறோம். சாதாரண தரப் பரீட்சை முன்பெல்லாம் டிசம்பரில், அதாவது சரியாகக் காலபோக வேலைக்குள் வரும். பிள்ளை வயலில் நின்றதா, வகுப்பில் நின்றதா என்று கேட்டால் இரண்டிலும் பாதி. 2019 க்குப் பிறகு பரீட்சை மாதம் வருடத்துக்கு வருடம் மாறியும் எங்கள் வீடுகளில் அதைக் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு.

அரிப்பிலிருந்து வந்த அடுத்த கிழமை, பத்தாம் தரப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். பன்னிரண்டு மாதத்தையும் எழுது, உன் வீட்டில் ஒவ்வொரு மாதமும் என்ன வேலை நடக்கிறது என்று எழுது, பக்கத்தில் நீ இந்த வருடம் என்ன செய்து முடிக்க ஆசைப்படுகிறாய் என்று எழுது. முதல் இரண்டு நிரலையும் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார்கள். மூன்றாவது நிரலில் பேனை நின்றது.

பிறகு மெல்ல எழுதினார்கள். ஒரு மாணவி, சோளகக் காலத்தில் உம்மாவுக்குத் தையல் வேலை குறைவு, அந்த மூன்று மாதம் மெசினில் நான் படிப்பேன் என்று எழுதியிருந்தாள். முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன், "அறுவடை முடிய வாப்பா புத்தளம் போவார். இந்த முறை நான் போகமாட்டேன். பெரியம்மா வீட்டில் நிற்பேன். கணிதம்" என்று மட்டும் எழுதியிருந்தான். வாப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டோம். இன்னும் இல்லை என்றான். அந்த வாப்பா இந்தப் பதிவை வாசித்தால் பிள்ளையை ஏசவேண்டாம், எங்களோடு கதையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிறுபோகக் கூட்டத்துக்கு வரும்போது மகன்மாரையும் மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். வீட்டில் வாப்பா, அப்பச்சிமார் எழுதி வைத்த பழைய விதைப்புக் கணக்கு, சம்மாட்டிக் கணக்கு, வாடிக் கணக்குக் கொப்பிகள் இருந்தால், கறையான் தின்றதானாலும் பரவாயில்லை, எங்களுக்கு அறியத்தாருங்கள். வந்து படம் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தந்துவிடுவோம். எந்தச் சமூகத்தவர் என்றாலும் சரி. பத்தாம் தரம் அவற்றை வைத்து எங்கள் பகுதிக்கு ஒரு பருவ அட்டவணை தயாரிக்கிறது. ஐப்பசிக்கு முன்னர் முடிக்கவேண்டும் என்று திகதியும் குறித்துவிட்டார்கள்.